சாகுல் அனுப்பிய இரண்டு டயர்கள்

பழைய புல்லட், பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் சங்கரன்கோவிலில் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார்கள். நான் வேலையை விட்டு நின்ற பிறகும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. யாராவது ஒருவர் டயர் படத்தைப் போட்டு, "பேச்சியக்கா, இது நம்ம வண்டிக்குச் சரியா வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சமீபத்தில் ஒரு தம்பி, "ஒவ்வொரு தடவையும் ஒங்களத் தொந்தரவு பண்ணுததுக்குப் பதிலா மொத்தமா எழுதிக் குடுத்திருங்கக்கா. போன்ல எல்லா டயரும் கெடைக்கி. எத வாங்கதுன்னுதான் தெரியல" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். அளவு, காற்று, ரப்பர் என்று எங்கே ஆரம்பித்தாலும் நினைப்பு அனீபா பாயின் வண்டியில்தான் போய் நின்றது. ஆகவே அதையே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் டயர் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதற்கு முன்னால் விசைத்தறியில் இருந்தேன். தறிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. டாக்டர், "இனிமே தறிப்பக்கம் போகாதீங்க" என்று சொன்ன பிறகுதான் அண்ணாச்சி கடைக்கு பில் போட வந்தேன். வந்த புதிதில் எனக்கு எல்லா டயரும் ஒரே கறுப்பு. கழற்றி மாட்டும் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் யாராவது வந்து நின்றால், வண்டியில் இருக்கும் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதே எழுத்து உள்ளதை அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அப்படிக் கொடுத்துக் கொடுத்தே எழுத்து பழகியது. பிறகு டயர் கழற்றும் லிவர் பிடிக்கவும் டியூப் போடவும் கற்றுக்கொண்டேன். பில் போட வேறொரு பெண் வந்தாள். நான் டயர் அடுக்கின் பக்கம் போனவள், கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அண்ணாச்சியின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கையால் தொட்டுப் பார்க்காமல் எந்த டயரைப் பற்றியும் பேசமாட்டார். வாடிக்கையாளரிடம் "முடியாது" என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வராது. ஒரு சமயம் தறிக்கூடம் வைத்திருந்த ஒருவர், பழைய புல்லட்டின் பின்னால் அகலமான டயர் போட வேண்டும் என்று வந்து நின்றார். மகனுக்கு நிச்சயதார்த்தம். அகல டயர் போட்டால் வண்டி பார்க்க எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் கடை ஆட்களுக்கு அது செயினில் உரசும் என்று தெரியும். அண்ணாச்சி ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அந்த அகல டயரின் மேல் வைத்து அளவு பார்த்து வெட்டினார். அட்டையை வந்தவர் கையிலேயே கொடுத்து, "டயரு இருக்க எடத்துல இதச் சொருவிப் பாருங்க" என்றார். தறிக்காரர் குனிந்து செயினுக்கும் பிரேக் கம்பிக்கும் நடுவில் அட்டையைத் திணித்துப் பார்த்தார். மடங்கியது. திருப்பித் திணித்தார். அப்புறமும் மடங்கியது. "சரி அண்ணாச்சி, பழைய சைஸே போடுங்க" என்று அவராகவே சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது.

அனீபா பாய் கடையநல்லூர்க்காரர். சாரம், அதாவது கைலி வியாபாரம். தறியில் நெய்த சாரங்களைக் கட்டாகக் கட்டி, புல்லட்டின் பின்னால் வைத்துக்கொண்டு, சுற்று வட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் போட்டு வருவார். அந்தப் புல்லட் அவருடைய ஒரே மகன் சாகுல் ஹமீதைவிட வயதில் மூத்தது. சாகுல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து எங்கள் கடைக்கு வந்திருக்கிறான். வளர்ந்து ஏ.சி. மெக்கானிக் வேலை படித்து சவூதிக்குப் போனான். ஊரில் கல்யாணம் முடித்து, ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு, வருவது குறைந்துகொண்டே போனது. வேலை அப்படி. பாய் வியாபாரத்தை விட்டுவிட்டார், புல்லட்டை விடவில்லை.

அந்த வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே அளவுதான்: 3.25–19. மூன்றேகால் அங்குல அகலம், பத்தொன்பது அங்குல ரிம். இப்போதைய கணக்கில் 90/90–19 என்று எழுதியிருப்பது ஏறக்குறைய அதே டயர்தான். டயரில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் யாராவது ரிம்மையே மாற்றியிருப்பார்கள். டயரைக் கழற்றியதும் ரிம்மின் உள்பக்கம் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்த பிறகுதான் புது டயரைத் தேட வேண்டும். அளவு சரியாக இருந்தால் அடுத்தது வயது. அதுதான் இந்தக் கதை.

ஒரு நாள் காலையில், மாட்டுவதற்கு முன்னால் எங்களிடம் காட்ட, பாய் ஆட்டோவில் வந்து இறங்கினார். இரண்டு டயர்களைத் தோளில் மாலை போட்டதுபோல் மாட்டியிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணாச்சி, எம் மவன் அனுப்பியிருக்கான் பாத்தீங்களா? நம்ம புல்லட்டு கம்பெனியில இருந்து வாரப்ப இருந்த அதே டிசைன். எங்கன தேடிப் புடிச்சானோ! அங்கன இருந்துக்கிட்டே போன்ல ஆர்டர் போட்டு வீட்டுக்கு வர வச்சிட்டான்."

டிசைன் உண்மையிலேயே அதுதான். அந்தக் காலத்து பட்டன் வைத்த டயர். பட்டன் என்றால், தரையில் படும் பாகத்தில் இருக்கும் மேடு பள்ளங்கள். ஒரு மேடுகூடத் தேயவில்லை. பாலிஷ் போட்டு மினுமினுவென்று இருந்தது. நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். எனக்கே அதைப் பார்த்ததும் ஆசையாக இருந்தது.

அண்ணாச்சி ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டார். பட்டனின் மேல் பெருவிரல் நகத்தை அழுத்தினார். நல்ல ரப்பராக இருந்தால் நகம் கொஞ்சம் உள்ளே போய், எடுத்ததும் தடம் மறைய வேண்டும். நகம் இறங்கவில்லை. டயரை இரண்டு கையாலும் வெளிப்பக்கமாக வளைத்தார். பட்டன்களுக்கு நடுவில் இருந்த பள்ளம் விரிந்தபோது, கோடைக் காலத்துக் குளத்துத் தரைபோல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. பக்கவாட்டில் நான்கு இலக்கம் உள்ள சின்ன முத்திரை இருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் படித்தேன். ஏதோ ஒரு குடோனில் வருடக்கணக்காகக் கிடந்து, பாலிஷ் போட்டுப் புதிதென்று விற்கப்பட்ட டயர்.

"பாய், இத இப்போதைக்கு மாட்ட வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

பாய் எத்தனையோ வருடமாக டயர் வாங்கியவர். வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. சிரிப்பு மட்டும் மெதுவாகக் குறைந்தது. தானும் ஒரு தடவை நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"கல்லு மாதிரில்லா இருக்கு" என்றார்.

"ஆமா பாய். காஞ்ச ரோட்டுல ஒன்னும் தெரியாது. ஈரம் பட்டா புடிக்காது. இருக்க டயர்லயே ஓட்டுங்க. அது தேயவும் வேற மாத்திக்கிடலாம்."

அவர் இரண்டையும் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சாகுலு எப்பயாச்சும் போன் போட்டுக் கேட்டான்னா, டயரு அருமையா இருக்குன்னு சொல்லுங்க. பாவம், ரொம்ப நாளாத் தேடியிருக்கான்."

நான் தலையை ஆட்டினேன்.

ஆனால் சாகுல் எனக்குப் போன் செய்யவில்லை. அவன் தினமும் அவருக்குத்தான் வீடியோ கால் போட்டிருக்கிறான். "டயர மாட்டியாச்சா வாப்பா? வண்டியக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறான். இன்றைக்கு, நாளைக்கு என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். கடைசியில் வேறு எங்கேயோ கொடுத்து மாட்டி, வெயிலில் நிறுத்திக் காட்டியிருக்கிறார். காட்டிய பிறகு கழற்றவும் மனசு வரவில்லை. பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு பனவடலிசத்திரத்தில் பழைய வாடிக்கைக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. போய்விட்டுத் திரும்பும்போது தூறல் போட்டது. வெகுநாள் கழித்துப் பெய்த மழை. குளத்தங்கரை வளைவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டியோடு விழுந்தார். வயலில் நின்றவர்கள் ஓடி வந்து தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். எல்லோரிடமும் ஆடு குறுக்கே வந்தது என்று சொல்லியிருந்தார். நாங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டோம். எந்த டயரோடு விழுந்தார் என்று எங்களுக்குத் தெரியாது.

சாகுல் அவசர லீவில் வந்தான். வாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, புல்லட்டை லோடு ஆட்டோவில் ஏற்றி எங்கள் கடைக்குக் கொண்டுவந்தான். ஹேண்டில் பாரும் கால் வைக்கும் கம்பியும் வளைந்திருந்தன. பின்சக்கரம் கோட்டமாகச் சுற்றியது. வண்டியில் அந்த டயர்கள் இரண்டும் பட்டன்கூடத் தேயாமல் இருந்தன. அண்ணாச்சியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அக்கா, மெக்கானிக் ரிம்மு கோட்டம்னு சொல்லுதாரு. நேராக்கிட்டு இதே டயரயே மாட்டிக் குடுத்திருங்க. டயரு புதுசுதான், நான் அனுப்புனது" என்றான் சாகுல். "போறதுக்கு முன்னால வீட்ல உள்ளவளயும் பிள்ளயையும் ஒரு தடவ இதுல குத்தாலம் கூட்டிட்டுப் போகணும். பிள்ள இந்த வண்டியில ஏறுனதே இல்ல."

அண்ணாச்சி என்னைக் கம்ப்ரஸர் பக்கம் கூப்பிட்டார். அதன் சத்தத்தில் நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்காது.

"பேச்சி, பாய் உங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. நீயே பேசு. நான் பக்கத்துல நிக்கேன்."

"என்னன்னு சொல்ல அண்ணாச்சி?"

"டயரப் பத்தி உள்ளதச் சொல்லிரு. பாயப் பத்தி அவன் கேட்டாச் சொல்லு."

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் டயர் சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று பேர் அந்த வண்டியில் மழைச் சாரலில் குற்றாலம் ரோட்டில் போவது கண் முன்னால் வந்தது. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுக்கிலிருந்து அதே அளவில் ஒரு புது டயரை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். "தம்பி, இதுல நகத்த வச்சு அழுத்துங்க. இப்ப ஒங்க டயர்ல அழுத்துங்க."

அவன் அழுத்தினான். எழுந்து முன்சக்கரத்திலும் அழுத்தினான். அவனும் தொழில்காரன். குளிர்சாதன மெஷினில் ரப்பர் வளையம் காய்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். அவனாகவே குனிந்து பள்ளத்தை விரித்துப் பார்த்தான். நான் அந்த நான்கு இலக்க முத்திரையைக் காட்டி, எப்படிப் படிப்பது என்று சொன்னேன். வருடத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப ஆயிஷா பொறக்கவே இல்ல" என்றான். ஆயிஷா அவன் மகள். ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

போனை எடுத்து, டயர் விற்றவன் போட்டிருந்த படத்தைத் தேடிக் காட்டினான். புத்தம் புதியது என்றுதான் போட்டிருந்தது. அந்த முத்திரை மட்டும் எந்தப் படத்திலும் விழாதபடி எடுத்திருந்தார்கள். போனைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான்.

"வாப்பா எப்பவும் இங்கனதானக்கா டயர் மாட்டுவாங்க. இத மாட்ட இங்கன வரலியா?"

"வந்தாங்க."

"நீங்க மாட்டலியா?"

"மாட்டல தம்பி."

"அப்போ... தெரிஞ்சுதான் ஓட்டியிருக்காங்க."

அவன் எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நாந்தான் அவங்களத் தள்ளி விட்டிருக்கேன்" என்றான்.

அதுவரை சும்மா நின்ற அண்ணாச்சி ஒரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஆட்டோவுல வந்து எறங்கையில ரெண்டு டயரயும் தோள்ல போட்டிருந்தாரு. அவர அவ்வளவு சந்தோசமா நான் பாத்ததில்ல. நீ அனுப்புனது ரப்பரு மட்டும் இல்ல. அது அவருக்குத் தெரியும். ஏமாத்துனவன் எவனோ. நீ ஏன் ஒம்மேல போட்டுக்கிடுத?"

சாகுல் போகும்போது, "வாப்பா மூஞ்சிய எப்படிப் பாக்கன்னு தெரியல. நீங்க வந்து அவங்ககிட்ட என்ன டயரு போடணும்னு கேளுங்கக்கா. அவங்க வண்டி. அவங்களே சொல்லட்டும்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டான். அண்ணாச்சி சரி என்றார். மறுநாள் காலை மூன்று மாதிரி டயர்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடையநல்லூர் போனேன்.

பாய் முன்னறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடப்பதற்கான நாலு கால் கம்பி பக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணால் ஒரு ஜாடை காட்டினார். ஒன்றும் சொல்லிவிடாதே என்று அர்த்தம். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவருடைய மனைவி ஜைனம்பு காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றார். சாகுல் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான்.

நான் கேட்காமலே பாய் ஆரம்பித்தார். "வளைவுல வாரேன் தங்கச்சி, திடீர்னு ஒரு ஆடு. பிரேக்கப் புடிச்சேன். அவ்வளவுதான் தெரியும்."

சாகுல் தலையைத் தூக்காமல் கேட்டான். "ஆடு என்ன நெறம் வாப்பா?"

"கருப்புடே. நல்ல கருப்பு."

"நேத்து வெள்ளன்னு சொன்னீங்க" என்றார் ஜைனம்பு.

"ரெண்டும் கலந்த ஆடு" என்றார் பாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஜைனம்புவும் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். பாய் எங்களைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சாகுல் சிரிக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பாய்க்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டீங்களாக்கும்" என்று என்னிடம் கேட்டார். கோபம் இல்லை.

"பொண்டாட்டி பிள்ளைய வச்சு அதே டயர்ல குத்தாலம் போகணும்னு நின்னாங்க பாய்" என்றேன்.

அவர் முகம் மாறியது. "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நல்லது தங்கச்சி. நல்ல காரியம் செஞ்சீங்க" என்றார்.

சாகுல் எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே வாப்பா. நான் வேற அனுப்பியிருப்பேனே."

ஜைனம்பு உள்ளே போய்விட்டார். நானும் எழுந்து போகலாமா என்று நினைத்தேன். அதற்குள் பாய் பேசினார்.

"அதாம்ல. வேற அனுப்புவ. அதுவும் சரியில்லன்னா இன்னொன்னு அனுப்புவ. ஏ.சி. அனுப்புன, டிவி அனுப்புன, எனக்கு வாட்ச் அனுப்புன. எல்லாம் வந்துச்சு. நீ வரல. இதாச்சும் நீ ஒக்காந்து தேடி எடுத்தது. எவ்வளவு நேரம் என்னய நெனச்சுக்கிட்டே தேடியிருப்பன்னு தோணுச்சு. அத எப்படி ஒரு மூலையில தூக்கிப் போட?"

சாகுல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விழுந்தேன். வந்துட்டல்லா" என்றார் பாய்.

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஆட்டோவிலிருந்து டயரை இறக்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி உள்ளே போனபோது இரண்டு பேரும் முகத்தைத் துடைத்திருந்தார்கள். மூன்று டயர்களையும் கட்டிலில் வைத்தேன். ஒன்று பார்ப்பதற்குப் பழைய டிசைனை ஒத்திருக்கும், ஆனால் ரப்பர் கொஞ்சம் கெட்டி. நீண்ட நாள் உழைக்கும். இரண்டாவது, முன்சக்கரத்துக்கு மட்டும் ஆனது. நெடுகக் கோடு போட்டிருக்கும், வண்டி நேராகப் போகும். மூன்றாவது, இந்தக் காலத்து டிசைன். பழைய புல்லட்டுக்கு அழகில் ஒட்டாது. ஆனால் ரப்பர் மிருது, மழைத் தண்ணீரை வெளியே தள்ளும், முன்னும் பின்னும் போடலாம். தேய்மானம் மட்டும் சீக்கிரம். எதையும் மறைக்காமல் மூன்றின் நல்லது கெட்டதையும் சொன்னேன்.

சாகுல் முதல் டயரைத் தொட்டுப் பார்த்தான். "இதுதான் வண்டிக்கு லெட்சணமா இருக்கும் வாப்பா."

"வண்டிய யாரு ஓட்டப் போறா? டாக்டரு என்னயக் கிக்கர மிதிக்கவே கூடாதுன்னுட்டாரு. நீ ஓட்டப்போற. பின்னால ஒம் பொண்டாட்டி, நடுவுல ஆயிஷா. லெட்சணத்த வச்சு என்ன செய்ய?" மூன்றாவது டயரை மடியில் எடுத்து வைத்து, நகத்தை அழுத்தி, தடம் மறைவதைப் பார்த்தார். பக்கவாட்டில் முத்திரையைத் தேடினார். கண்ணாடி இல்லாததால் படிக்க முடியாமல் மகனிடம் நீட்டினார். சாகுல் படித்தான். சில வாரங்களுக்கு முன்னால் செய்த டயர். "இது பச்சப்புள்ள. இதப் போடுங்க" என்றார் பாய்.

ரிம் நேராகி வந்த அன்று சாகுலும் கடையிலேயே இருந்தான். டயர் மாட்டுவது பத்தோடு பதினொன்று என்று நினைப்பவர்களுக்காக அன்று செய்ததைச் சொல்கிறேன். ரிம்மின் உள்பக்கம் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்தோம். நீட்டிக்கொண்டிருந்த ஸ்போக் முனைகளை அரத்தால் ராவினோம். இல்லையென்றால் டியூபைக் குத்தும். முனைகளை மூடப் புது ரிம் டேப் போட்டோம். பழைய டியூப் நன்றாக இருந்தும் மாற்றினோம். பழைய டியூப் விரிந்திருக்கும். புது டயருக்குள் மடிப்பு விழும். டியூபுக்குப் பவுடர் தடவி, வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வைத்தோம். பக்கவாட்டு அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசைக்கு இருக்கிறதா என்று பார்த்தோம். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஏற்றினோம். கடைசிப் பாகம் வால்வுக்குப் பக்கத்தில் முடிய வேண்டும். அதை சாகுலே ஏற்றினான். காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டிய கோடு சுற்றிலும் ஒரே சீராகத் தெரிகிறதா என்று அண்ணாச்சி குனிந்து பார்த்தார். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தது. காற்றை முழுக்க இறக்கி மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடி பார்த்தார். சரி என்று தலையசைத்தார்.

கழற்றிய இரண்டு டயர்களையும் ரம்பத்தால் குறுக்கே அறுத்தோம். வெளியே போட்டால் யாராவது எடுத்துப் பாலிஷ் போட்டு விற்றுவிடுவார்கள். விளிம்புக் கம்பி அறுபடும்போது கிறீச்சென்றது. இரண்டாவதை சாகுல் வாங்கி அறுத்தான். வேர்த்து ஊற்றியது, அறுத்து முடிக்கும் வரை ரம்பத்தைக் கீழே வைக்கவில்லை.

அன்று மாலை அனீபா பாய் வாடகைக் காரில் வந்து இறங்கினார். வண்டியை எடுத்துப் போகும்போது தானும் அதில்தான் வீட்டுக்குப் போவேன் என்று அடம். ஜைனம்பு போனில் திட்டிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கேட்டாயிற்று, ஓட்டத்தான் கூடாது, உட்காரலாம் என்றார் பாய். கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

காலைத் தூக்கிப் போட அவரால் முடியவில்லை. அண்ணாச்சி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். சாகுல் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் குனிந்து, பிளேட் வைத்த காலை இரண்டு கையாலும் ஏந்தி, சீட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய், கம்பியில் பாதத்தைப் பொருத்தி வைத்தான். செருப்பு கழன்றது. அதையும் எடுத்து மாட்டிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தான். பாய் முதலில் மகனின் தோளைப் பிடித்தார். அது நிலையாக இல்லையென்று இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்துக்கொண்டார். அந்த வண்டியின் பின்சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"புது டயரு தம்பி. மேல உள்ள வழவழப்பு போற வரைக்கும் கொஞ்ச தூரம் வழுக்கப் பாக்கும். சாய்க்காம ஓட்டுங்க" என்றேன்.

சாகுல் கிக்கரை மிதித்தான். வண்டி ரோட்டில் ஏறியது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனது. ஒரு சைக்கிள்கூடத் தாண்டிப் போனது. சாகுல் கியரை மாற்றப் போவது தெரிந்தது. பாய் அவன் காதருகே குனிந்து கத்தினார். புல்லட் சத்தத்தைத் தாண்டி எனக்கே கேட்டது.

"எதுக்குல அவசரம்? வீடு எங்கயும் ஓடிராது. மெதுவாப் போ."